கொண்டையைப் போட்டது யார்

"படி," என்றாள் மரினால்வா.

"வேண்டாம்க்கா. இல்லேன்னுட்டாங்கன்னுதான் தெரிஞ்சுபோச்சே. அப்புறம் எதுக்குப் படிச்சுக்கிட்டு?"

"என்னைப் பத்தித்தானே எழுதியிருக்கான்? நான் கேக்கணும். படி."

தங்கை ஜோசிலெனி, டாக்டரின் அறிக்கை வந்திருந்த கைப்பேசியைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். அவளுக்கு வெள்ளெழுத்து, கண்ணாடி போட்டால் கிழவி என்பார்கள் என்று போடமாட்டாள்.

"'நாற்பத்தெட்டு வயதுப் பெண். துணையின்றி அறைக்குள் நடந்து வந்தார். உடை சுத்தமாக, இஸ்திரி போட்டு இருக்கிறது. கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார். நீண்ட கூந்தல், நேர்த்தியாகக் கொண்டை போடப்பட்டுள்ளது. தன்னைத் தானே நன்றாகப் பேணிக்கொள்கிறார் என்பது தெரிகிறது. வேலை செய்ய இயலாத நிலை இல்லை.'"

"நிறுத்து. அந்தக் கொண்டையை யாரு போட்டா?"

"நான்தான்."

"சட்டையை இஸ்திரி போட்டது?"

"அதுவும் நான்தான். ஏன்க்கா என்னை முறைக்கிறே? நானா எழுதினேன்?"

மரினால்வா அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் நாற்காலிகள் இருக்கக்கூடாத இடத்திலெல்லாம் இருக்கும். அடுப்படியில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கொல்லையில் துணிக்கொடிக்குக் கீழே இன்னொன்று. மூன்று துணி காயப்போட்டால் உட்கார வேண்டும், அப்புறம் இன்னும் மூன்று. "மகாராணி சிம்மாசனத்துல இருந்தே துவைக்கிறா" என்று பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லியிருக்கிறாள். வாளியில் பாதிதான் தண்ணீர் பிடிப்பாள். பீன்ஸ் பானையை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றுவாள். காலையில் கண் விழித்தால் அரைமணி நேரம் படுத்தபடியே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவாள். ராத்திரி முழுக்க யாரோ உலக்கையால் குத்திவிட்டுப் போன மாதிரி இருக்கும் உடம்பு. போர்வை பட்டால் வலிக்கும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள் என்பதால், அதைச் சொல்வதையே விட்டுவிட்டாள்.

பதினாறு வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. முந்நூற்று இருபது பிள்ளைகளுக்குச் சோறும் பீன்ஸும், வெள்ளிக்கிழமை கோழி. முதலில் தோள், பிறகு இடுப்பு, பிறகு எல்லாம். இரண்டு வருஷம் டாக்டர் டாக்டராக அலைந்தாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று ஒவ்வொருவரும் ஏதோ பரிசு கொடுப்பது போலச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் மாநிலத் தலைநகரான ரெசிஃபியில் ஒரு பெண் டாக்டர் பதினெட்டு இடத்தில் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பு பூரா வலிக்கிற நோய். சாகமாட்டீங்க, ஆனா போகவும் போகாது. இதோட வாழப் பழகணும்" என்றாள். மாத்திரை, தினம் கொஞ்சம் நடை, வெந்நீர், வேலைக்கு லீவு. லீவு தொடர வேண்டுமென்றால் கருவாரு நகரத்து அரசாங்க மருத்துவப் பரிசோதகர் ஒப்புதல் தர வேண்டும். அவர்தான் இப்போது கொண்டையைப் பார்த்து மறுத்துவிட்டார்.

திங்கட்கிழமை வேலைக்கு வா என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். வந்தாலோ, பள்ளிச் சமையலறையின் அந்தப் பெரிய பீன்ஸ் பானையை இரண்டாவது நாள் கூடத் தூக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். மனுப் போட்டதில் அதற்கு முந்தின வியாழக்கிழமைக்கு மறுபரிசோதனை கிடைத்தது. அதே டாக்டர்தான். டாக்டர் எவாண்ட்ரோவை விட்டால் அங்கே வேறு ஆள் கிடையாது.

"தப்பு உன்மேலதான்," என்றாள் ஜோசிலெனி. "நம்ம அம்மா சொல்லிக்குடுத்த புத்தி. டாக்டர்கிட்டப் போறதுன்னா குளிச்சு, நல்ல துணி உடுத்தி, சபைக்குப் போற மாதிரி போகணும். காலைல அஞ்சு மணிக்கு என்னை எழுப்பித் தலை வாரச் சொன்னே. நானும் மடச்சி மாதிரி அழகா வாரி விட்டேன்."

"அழுக்கா போயி ஒரு மனுசன் முன்னாடி நிக்கச் சொல்றியா?"

"ஆமா! எல்லாரும் அப்படித்தான் போறாங்க. மூணு நாள் தலைக்கு ஊத்தாதே. ரப்பர் செருப்பு, கிழிஞ்ச பாவாடை. மாடி வீட்டுத் தாத்தா கைத்தடியைக் கேட்டு வாங்கிட்டு வரேன். உள்ள போனதும் அழு."

"எனக்கு அழுகை வராது. ஆத்திரம்தான் வரும்."

"ஆத்திரத்தைப் பாத்தா எவனும் கையெழுத்துப் போட மாட்டான்க்கா. அழுதாப் போடுவான்."

புதன்கிழமை சபையிலிருந்து சகோதரி ஒசானா வந்தாள், வாழைப்பழக் கேக்கோடு. அவர்கள் சபையில் பெண்கள் தலைமுடியில் கத்தரி வைப்பதில்லை. ஒசானாவின் கொண்டை கழுத்துக்குப் பின்னால் இன்னொரு தலை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஜோசிலெனி எப்போதோ சபையை விட்டு, முடியைக் கட்டையாக வெட்டி, சிவப்புச் சாயமும் அடித்துக்கொண்டவள். அவளைக் கண்டாலே ஒசானாவுக்குக் குரல் இனித்துவிடும்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம், சகோதரி. முகம் எவ்வளவு பிரகாசமா இருக்கு! நாங்க ஜெபம் பண்ணினது வீண்போகல."

"இன்னைக்கு எழுந்திரிச்சு உக்காந்திருக்கேன், சகோதரி. நேத்து வந்திருந்தா பிரகாசத்தைப் பாத்திருப்பீங்க. கக்கூசுக்கு நாலு கால்ல போனேன்."

"அப்படிச் சொல்லக் கூடாது. வலி வலின்னு வாயால சொல்லச் சொல்ல அது நம்மளப் பிடிச்சுக்கும். விசுவாசத்தோட, 'நான் சுகமாயிட்டேன்'னு சொல்லுங்க."

"சொன்னேனே! ஈஸ்டருக்கு மேடையில ஏத்தி மைக்கைக் குடுத்து சொல்லச் சொன்னீங்க. சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. மறுநாள் என்னால பல் விளக்க முடியல. அந்தச் சாட்சியைத் திருப்பி வாங்கிக்க முடியுமா?"

ஒசானா கேக்கை வெட்டாமலே எழுந்து போனாள். ஜோசிலெனி சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மரினால்வா சிரிக்கவில்லை. கேக்கை வெட்டக் கத்தியை அழுத்தினாள். மணிக்கட்டில் நெருப்பு ஓடியது. கத்தியை அப்படியே கேக்கில் நிறுத்திவிட்டு, "நாளைக்குத் தலை வாரி விடு," என்றாள்.

"அக்கா..."

"வாரி விடு. சட்டையையும் இஸ்திரி போடு."

"பைத்தியமா உனக்கு?"

"நோயைக் காட்டணும்னா நான் நாத்தமடிக்கணுமா? சுத்தமா இருந்தா பொய்க்காரி, அழுக்கா இருந்தா நோயாளி. இந்தக் கணக்கை எவன் போட்டான்? வாரி விடு."

மறுநாள் விடியற்காலை வேனில் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் ஏறி இறங்கியது. ஜோசிலெனி விடாமல் தாத்தாவின் தடியையும் எடுத்து வந்திருந்தாள். பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்ததும் மரினால்வா நின்றுவிட்டாள். சுவரோரம் எட்டுப் பேர். எட்டில் ஐந்து தடி. எண்ணெய் வழியும் தலைகள், ரப்பர் செருப்புகள். ஒருத்தி அழுது பழகிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அந்தத் தடிகளில் எத்தனை இரவல், எத்தனை சொந்தம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. டாக்டராலும் முடியாது. எல்லாரையும் இப்படி நாடகக்காரர்களாக்கிவிட்டு, நாடகமாடுகிறார்கள் என்று எழுதுவான்!

பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஜோசிலெனி தடியை நீட்டினாள்.

"நீயே வச்சுக்கோ. வெளிய வந்ததும் உன்னை அடிக்கத் தேவைப்படும்."

டாக்டர் எவாண்ட்ரோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உக்காருங்கம்மா. எங்க வலிக்குது?"

"எங்க வலிக்கலன்னு கேளுங்க டாக்டர். சீக்கிரம் முடிஞ்சுடும்."

தட்டச்சுச் சத்தம். "கையைத் தூக்குங்க."

தோள்வரை தூக்கினாள்.

"இன்னும்."

"இவ்வளவுதான்."

"முயற்சி பண்ணணும்மா. நீங்க நல்ல நிலைமையிலதானே இருக்கீங்க. நடந்து வந்தீங்க, நல்லா டிரஸ் பண்ணி..."

"கொண்டை போட்டு."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போன தடவை என் கொண்டையைப் பத்தி எழுதினீங்க. ஞாபகம் இருக்கா? இருக்காது. ஒரு நாளைக்கு எத்தனை கொண்டை பாக்குறீங்களோ." அவள் பின்னால் கை கொண்டுபோகவில்லை. தலையைச் சாய்த்து, முழங்கையை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றி, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். நான்கு ஊசி. நான்கையும் அவருடைய மேசையில் வைத்தாள். பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி இடுப்பைத் தாண்டி விழுந்து நாற்காலிக்குக் கீழே தொங்கியது.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"இப்ப நானே கொண்டை போடப் போறேன். நீங்க பாருங்க."

"வெளிய ஆளுங்க காத்திருக்காங்க. ஒருத்தருக்குப் பத்து நிமிஷம்தான்."

"எனக்கு வந்த பத்து நிமிஷம் இது. பாருங்க. திரையை இல்ல, என்னை."

முடியை முன்னால் கொண்டுவர மடிமேல் குனிந்தாள். முழங்கைகளை முழங்காலில் ஊன்றினாள். அப்படித்தான் கை கொஞ்ச நேரம் நிற்கும். முடியை இரண்டாகப் பிரித்து முறுக்க ஆரம்பித்தாள். மூன்றாவது முறுக்கில் விரல்கள் விட்டுவிட்டன. மறுபடி பிடித்தாள். தோளிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து காதுக்குப் பின்னாலும் சூடு ஏறியது. முறுக்கி மேலே தூக்க வேண்டும். தூக்கினாள். கை காது வரை போனது, விழுந்தது. முடி சரிந்து முகத்தை மூடியது.

"போதும்மா."

"போதும்னு நான் சொல்லுவேன்."

மூன்றாவது தடவை. நெற்றியில் வேர்வை. வலியில் பல்லைக் கடித்த சத்தம் அவளுக்கே கேட்டது. ஊசி ஒன்றை எடுக்கப் போக, அது தரையில் விழுந்து உருண்டது. டாக்டர் குனிந்தார்.

"தொடாதீங்க! எங்க வீட்டுல விழுந்தா நீங்களா வந்து எடுத்துத் தரப்போறீங்க? நான் எடுக்குறேனா இல்லையான்னு பாருங்க."

அவள் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. ஊசி அவர் செருப்புக்கும் அவள் செருப்புக்கும் நடுவில் கிடந்தது.

அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "அப்போ... காலைல இதை யாரு போட்டு விட்டது?"

"இந்த ஒரு கேள்வியைப் போன தடவை கேட்டிருந்தா நான் ஒரு மாசம் நிம்மதியாத் தூங்கியிருப்பேன் டாக்டர். என் தங்கச்சி. அஞ்சு மணிக்கு எழுந்து வருவா. நாப்பது நிமிஷம் ஆகும், ஏன்னா தலையைத் தொட்டாலே எனக்கு வலிக்கும், நிறுத்தி நிறுத்திப் போடுவா. அதைத்தான் நீங்க 'தன்னைத் தானே பேணிக்கொள்கிறார்'னு எழுதினீங்க."

அவர் தட்டினார். வெகுநேரம் தட்டினார்.

"வாசிங்க," என்றாள்.

"அது வழக்கமில்லம்மா."

"வழக்கமில்லாததுதான் இன்னைக்கு நடக்குது. வாசிங்க."

வாசித்தார். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக இயலவில்லை, மூன்று முறை முயன்றும் கூந்தலைக் கட்ட இயலவில்லை, கீழே விழுந்த பொருளை எடுக்க இயலவில்லை, அன்றாடப் பராமரிப்புக்குப் பிறர் துணை தேவை. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. இதை எழுத அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"முடிவை நான் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். மூணு மாசம் போட்டிருக்கேன்."

"மூணு மாசத்துல இது போயிடுமா? படிச்சவர் சொல்லுங்க."

"...போகாது."

"அப்ப மூணு மாசம் கழிச்சு?"

"மறுபடி வரணும். விதிமுறை."

"வந்து மறுபடி அவுக்கணுமா?"

அவர் மறுபடி திரைப்பக்கம் திரும்பினார். அவள் மேசையைப் பிடித்து எழுந்தாள்.

கதவைத் திறந்ததும் கூடமே திரும்பிப் பார்த்தது. சபைக்காரப் பெண், முகமெல்லாம் வேர்வை, இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைவிரிகோலம். ஜோசிலெனி தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ அக்கா! என்ன பண்ணினான் உன்னை? கை வச்சானா?"

"மூணு மாசம் குடுத்தான்."

"குடுத்துட்டானா! அப்பாடா! இதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே? சந்தோஷப்படேன்."

"பீன்ஸ் பானை மூணு மாசத்துக்கு இல்ல. அதுக்குச் சந்தோஷம். மிச்சத்துக்கு எல்லாம் எரியுது."

"சரி, உக்காரு, முடியையாவது கட்டி விடுறேன். ஊசி எங்க?"

"அவன் ரூம்ல. மூணு மேசை மேல, ஒண்ணு தரையில. குனிஞ்சு எடுக்கட்டும், அவனுக்கு முதுகு நல்லாத்தான் இருக்கு."

அழுது பழகிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்: "எப்படிங்க ஆளு? அழுதா இறங்குவானா?"

மரினால்வா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கணுக்கால்கள் நிஜமாகவே வீங்கியிருந்தன.

"உங்களுக்கு வீட்டுல எதைச் செய்ய முடியலையோ, அதை அவன் முன்னாடி செய்யுங்க," என்றாள். "அவன் வேண்டாம்பான். விடாதீங்க."

வேன் நிலையத்துக்கு இரண்டு தெரு. வெயிலில் முடி முதுகை எரித்தது. நாளையும் மறுநாளும் படுக்கைதான் என்று உடம்பு இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டது. வேனில் முன்சீட்டு, நோயாளிகளுக்கும் கிழவர்களுக்கும் என்று எழுதி ஒட்டியிருந்த இருக்கை, அதில் தொப்பி வைத்த ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திரிங்க. அது எனக்கு," என்றாள் மரினால்வா.

அவன் அவள் இஸ்திரிச் சட்டையைப் பார்த்தான், முடியைப் பார்த்தான். "உங்களுக்கென்ன, பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க?"

ஜோசிலெனி வாயைத் திறப்பதற்குள் மரினால்வா அவள் கையிலிருந்த தடியைப் பிடுங்கி, அவன் நீட்டியிருந்த காலுக்குப் பக்கத்தில் டக்கென்று ஊன்றினாள்.

"காலை மடக்குறீங்களா, இல்ல நான் மடக்கி விடவா?"

அவன் எழுந்தான்.