முன்வரிசை சீட்டு

எங்கள் கம்பெனி பஸ்ஸில் முன்பக்கம் நான்கு வரிசை சூப்பர்வைசர்களுக்கு. நீலச்சட்டை போட்ட எங்களுக்குப் பின்னால்தான் இடம். யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் அப்படித்தான். நாங்கள் குடியிருக்கும் போபோடியில் ஏறினால் கம்பெனி இருக்கும் ஆகுர்டி போய்ச்சேர அரை மணி நேரம். அந்த அரை மணிக்காகவா ஆரோக்கியசாமி அண்ணாச்சி அதைச் செய்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவர் கிரைண்டிங் மெஷினில் பதினேழு வருஷம். கை வைத்தால் அளவு தப்பாது. அவரும் பக்கத்து வீட்டு ரவிசந்திரனும் தூத்துக்குடியிலிருந்து ஒன்றாக வந்து சேர்ந்தவர்கள். தொண்ணூற்றெட்டில் ரவிசந்திரன் சூப்பர்வைசர் ஆனார். மறுநாளே வெள்ளைச்சட்டையில் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார்.

"என்னல ஆரோக்கியம், பின்னாடி ரொம்பக் குலுக்குதோ?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அன்றிலிருந்து அண்ணாச்சி சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி ஜோசபின் அக்கா சொன்னார். குழாயடியில் ரவிசந்திரன் மனைவி வனஜா "எங்க வீட்டு ஆபீசர்" என்று ஆரம்பித்தால், அக்கா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவாராம்.

ஆறு மாதம் மேனேஜர் பின்னாலேயே அலைந்து அண்ணாச்சியும் அந்த வேலையை வாங்கினார். சம்பளம் அதேதான். ஓவர்டைம் கிடையாது. யூனியனிலிருந்து விலகுவதாக எழுதிக்கொடுக்க வேண்டும்.

யூனியன் தலைவர் பாட்டீல் கேன்டீனில் அவரைப் பிடித்து உட்காரவைத்தார். "சோச் லே, சாமி", யோசித்துக்கொள் என்றார். யூனியனில் இருக்கும்வரை உன்னை வேலையை விட்டு அனுப்ப கம்பெனிக்காரர்கள் எங்களிடம் பேசியாக வேண்டும், வெளியே போனால் ஒரு கடிதம் போதும் என்று இந்தியில் விளக்கினார்.

"இவனுக்குப் பொறாம, தம்பி" என்றார் அண்ணாச்சி என்னிடம்.

"ஓவர்டைம் போயிருமே அண்ணாச்சி?"

"போனா போட்டும். ரவி முன்னால உக்காந்திருக்காம்லா!"

அவர் எழுதிக்கொடுத்த விலகல் கடிதத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையதுதான்.

இரண்டு வருஷம் வெள்ளைச்சட்டை. பிறகு ஆர்டர் குறைந்தது. ஒரு சனிக்கிழமை நோட்டீஸ் போர்டில் ஆள்குறைப்புப் பட்டியல் வந்தது. பதினொரு பேர், எல்லோரும் சூப்பர்வைசர்கள். நீலச்சட்டைக்காரன் ஒருவன்கூட இல்லை.

அண்ணாச்சி கூட்டத்துக்கு வெளியிலேயே நின்றார்.

"எம்பேரு இருக்கா தம்பி?"

"இருக்கு அண்ணாச்சி."

மூத்த மகள் பாலிடெக்னிக்கில் சேர வேண்டிய வருஷம் அது. அழுவார் என்று நினைத்தேன்.

"ரவி பேரு?"

"அதுவும் இருக்கு."

"மேலயா, கீழயா?"

"என்னது?"

"எம்பேருக்கு மேல போட்டிருக்கானா, கீழயான்னு கேக்கேன்."

எதற்கென்று தெரியாமலே மறுபடி போய்ப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி போட்டிருந்தார்கள். இவர் முதலாவது, ரவிசந்திரன் எட்டாவது.

"நீங்கதான் மேல."

"அப்ப சரி" என்று தலையாட்டினார். முகத்தில் ஒரு நொடி வந்துபோனது என்னவென்று தெரியவில்லை. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஜோசபின்ட்ட நீ சொல்லுதியா? எனக்கு வாய் வராது."

சரி என்றேன். எதில் ஆரம்பிப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அவர் வீட்டு வாசல் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். அக்கா கதவைத் திறந்தார்.