முழங்காலிடாத சாவு

இலையுதிர் பருவத்து மாலைக் கதிரவன் பிரெஞ்சு நாட்டுக் கரோன் ஆற்றின் கலங்கல் நீரில் செம்பொன்னை உருக்கி வார்க்க, கொடிமுந்திரி பிழியும் மணம் தெருவெங்கும் தவழ, ஆற்றங்கரைப் பேரூரின் இசைநாடக அரங்கு வெண்கல் தூண்களை நிமிர்த்திச் செருக்குற்ற வேந்தனைப் போல் வீற்றிருந்தது. கற்றறிந்தீர், அதனுள்ளே செவெரீன் என்னும் பெருமாட்டி, காற்றுண்ட தழலெனக் கனன்று நின்றாள்.

இளமையில் அவள் அவ்வரங்கிலேயே பாடியவள். தலைவி வேடங்களில், காதலனால் கைவிடப்பட்டும், குத்துண்டும், இருமி இளைத்தும் இரவுதோறும் மண்டியிட்டு மாண்டவள். 'இத்தலைவி ஏன் மண்டியிட வேண்டும்?' என்று ஒருநாள் வினவியபோது, அரங்கத் தலைவர் ஒபேன்யாக் அனைவர் முன்னும் நகைத்தார்.

"உன் தொண்டைக்குத்தாம்மா இங்க வேலை. மூளையை வீட்டுலயே வெச்சுட்டு வா."

அன்றே அவள் பாட்டைத் துறந்தாள். சிற்றூர் அரங்குகளில் திரையிழுத்தும் விளக்கேற்றியும் தொழில் பயின்று, நாடகம் இயக்குவதில் நாடறிந்த பெயர் பெற்றபின், அதே தலைவர் அவளை இயக்குநராய் அழைத்தார். பழம்பகையை நெஞ்சில் ஏந்தியே வந்தாள்.

இறுதிக் காட்சியின் ஒத்திகை. தலைவி வேடம் பூண்ட இளம்பாடகி நொயெமி நின்றவாறே உயிர்விட வேண்டும் என்பது செவெரீனின் கட்டளை.

"அவ மண்டி போடணும், மதாம்! இல்லேன்னா சனங்க எப்படி அழுவாங்க?" என்று இருக்கையிலிருந்து இரைந்தார் ஒபேன்யாக்.

நொயெமியின் கால்கள், பழகிய வழக்கத்தால், தாமே மடிந்தன.

"நில்லுன்னு சொன்னேனே! யோசிக்காதே, சொன்னதைச் செய்!" என்று சீறினாள் செவெரீன்.

"அவரு மண்டி போடுங்கறாரு, நீங்க நில்லுங்கறீங்க. என்னை யாருமே கேக்கலையே, மதாம்" என்றாள் நொயெமி, கண் கலங்க.

வேல் பாய்ந்தாற்போல் அச்சொல் தைத்தது. பகைவனுக்கென்று ஆண்டாண்டாய்த் தீட்டிய வாளைப் பேதைப்பெண்மேல் ஓங்கியதை உணர்ந்து, செவெரீன் மேடையேறி அவளருகே அமர்ந்தாள்.

"தப்பு என்னோடது. நீயே சொல்லு, இவ எப்படிச் சாவா?"

"காதலனுக்கு முதுகைக் காட்டி உக்காந்துடுவா. பாட்டு முடியற வரைக்கும் அவனுக்கு இவ முகம் கிடைக்காது."

"கேலிக்கூத்து! மாத்துங்க!" என்று துள்ளினார் தலைவர்.

"ஊரெல்லாம் என் பேரைப் போட்டுச் சுவரொட்டி ஒட்டி வெச்சிருக்கீங்களே, முசியே. முதல்ல அதையெல்லாம் கிழிச்சுட்டு வாங்க. அப்புறம் மாத்தலாம்."

செவெரீன் இதைச் சொன்னதும் அவர் மீண்டும் இருக்கையில் அமர்ந்தார்.

அரங்கேற்றத்தன்று நொயெமி காதலனுக்குப் புறங்காட்டியமர்ந்து பாடி மாண்டாள். மேல்மாடத்தில் சிலர் இகழ்ந்து சீழ்க்கையடித்தனர். பலரோ எழுந்து நின்று கைதட்டினர். அவ்விறுதிக் காட்சி தன் எண்ணமே என்பதுபோல் வாழ்த்துகளை வாங்கிக்கொண்டு ஒபேன்யாக் நீட்டிய கையை, செவெரீன் பற்றவில்லை. அவள் சினம் தணியவுமில்லை. தணிய வேண்டுமென்று அவள் விழையவுமில்லை. அது பாய வேண்டியது எவர்மேல் என்று தன்னையே கேட்டுக்கொண்ட பின்னரே, அந்நாள்முதல், சினந்தபோதெல்லாம் அவள் வாய் திறந்தாள்.