பாய்மரத் தூதனின் ஐம்பத்தொன்பது ஒற்றுகள்

1942ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நெல்லியடிச் சந்தையில் நின்றபடி ‘பாய்மரத் தூதன்’ என்ற உளவு நாவலின் முதற் பக்கத்தைத் திறந்த புகையிலை வியாபாரி மார்க்கண்டு, கடைசிப் பக்கத்தை மூடியபோது மருதனார்மடத்தில் நின்றார். இடையில் பதினைந்து கட்டை, அதாவது பதினைந்து மைல் தூரம். பிடித்த நேரம் இரண்டே முக்கால் மணித்தியாலம். வழியில் அவர் எந்தக் கிணற்றிலும் விழவில்லை, எந்த வண்டியிலும் முட்டவில்லை, கக்கத்தில் இருந்த புகையிலைக் கட்டும் குலையவில்லை. சந்தியில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, நூலில் அச்சிட்டிருந்த விலாசத்துக்குத் தபாலட்டை ஒன்று எழுதிப் போட்டார். கதை வலு திறம், மூச்சு விட இடமில்லை, செருப்புத்தான் தேய்ந்துபோனது என்று அதில் இருந்தது. அந்த நாவலுக்கு வந்த முதல் அபிப்பிராயம் அதுதான்.

அதன் பிறகு குடாநாடெங்கும் ஆட்கள் வாசித்துக்கொண்டு நடந்தார்கள். மயிலிட்டியில் தியாகலிங்கம் என்பவர் காற்றுச் செத்த ஒரு நாளில் தோணியில் இருந்து உரத்து வாசிக்க, தோணி பாய் விரிக்காமலே கரைக்கு வந்தது. வண்டி மாடுகளும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு ஓடின. எனவே வண்டிக்காரர்கள் எழுத்து வாசனை உள்ளவர்களைத் தேடிப் பிடித்து முன்னுக்கு ஏற்றினார்கள். காய்ச்சலில் படுத்தபடி வாசித்தவர்களுக்குக் கட்டில் முற்றம்வரை வந்து நின்றது. பெற்றோல் பங்கீட்டால் பஸ் குறைந்திருந்த காலமாகையால் ஒருவரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. கதாநாயகியை, தந்தி அலுவலகத்தில் வேலைசெய்யும் அந்தத் தந்திக் கந்தோர்ப் பெண்ணை, எல்லாருக்கும் பிடித்திருந்தது. அச்சுவேலி மருத்துவிச்சி பத்மாவதி மட்டும், பதினாலாம் அதிகாரத்திலிருந்து அந்தப் பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு வாய் கஞ்சியாவது கொடுத்திருக்கலாம் என்று குறைப்பட்டு எழுதினார். அவரும் அதைத் தொண்டைமானாற்றுப் பாலத்தில் நின்றுதான் எழுதினார்.

அட்டையில் ‘சூறாவளி’ என்ற பெயர் மட்டும் இருந்தது. அந்தச் சூறாவளி மருதனார்மடத்துக்குக் கிழக்கே குடியிருந்த மீனாம்பிகை என்பது அவளுக்கும், பட்டினத்தில் சிறிய அச்சுக்கூடம் வைத்திருந்த சிமியோனுக்கும் தவிர வேறொருவருக்கும் தெரியாது. அவளுடைய கணவர் தில்லைநாத பண்டிதருக்கும் தெரியாது. பண்டிதர் தங்கமான மனிதர். ஆனால் ஒரு வசனத்தைக் கடந்து அடுத்த வசனத்துக்குப் போவதற்கு அவரிடம் நூறு நிபந்தனைகள் இருந்தன. சந்தைக்குப் போகும்போது மீனாம்பிகை ‘கத்தரிக்காய் குழம்புக்கு புளி’ என்று துண்டு எழுதிக் கொடுத்தால், படலையடியில் நின்று சிவப்பு மையால் ஒரு க் போடுவார், ஒரு ப் போடுவார், பிறகுதான் தெருவில் இறங்குவார். வாங்கி வரும் புளி நல்ல புளியாகத்தான் இருக்கும். பத்தொன்பது வருடத்தில் அவள் எழுதிய ஒன்றையும் அவர் திருத்தாமல் விட்டதில்லை, நல்லது என்று சொன்னதுமில்லை. ஊறுகாய்ச் சாடிக்குப் பின்னால் அவள் நூற்றறுபத்து மூன்று தபாலட்டைகளை ஒளித்து வைத்திருந்தாள். நூற்றறுபத்து மூன்று பேர் அவளுடைய கதையால் நடந்திருந்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்ததோ வீட்டிலிருந்த இரண்டு கால்கள்.

இரண்டாம் பதிப்புப் போடுகிற பேச்சு வந்தது. முகப்பில் ஒரு பண்டிதரின் அபிப்பிராயம் இல்லாவிட்டால் அந்நாளில் யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம்கூட விலைபோகாது. மீனாம்பிகை சொல்லிக் கொடுத்தபடி சிமியோன் ஒரு பிரதியைத் தில்லைநாத பண்டிதருக்கே அனுப்பிவைத்தார். பண்டிதர் சாய்மனைக் கதிரையில் இருந்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, புத்தகத்தைத் திறந்தார். அவள் குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டு அவருடைய பாதங்களையே பார்த்திருந்தாள். மூன்றாம் பக்கத்தில் வலது பெருவிரல் ஒருதரம் அசைந்தது. அவள் தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பண்டிதர் ‘கப்பலை கண்டான்’ என்ற இடத்துக்கு வந்து, பென்சிலை எடுத்து, ஒரு க் போட்டார். விரல் அடங்கிவிட்டது. பதினொரு நாள் வாசித்தார். ஐம்பத்தொன்பது தடவை நின்றார். கதிரை ஒரு சாண்கூட நகரவில்லை. மீனாம்பிகை அந்தப் பதினொரு நாளும் அழுகையை வெங்காயத்தின் மேல் போட்டாள்.

பிழை அவளுடையது மட்டுமல்ல. கையெழுத்துப் பிரதியில் சில ஒற்றுகள் விடுபட்டிருந்தது உண்மை. ஆனால் அச்சுக் கோக்கும்போது கதையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வேறு பல ஒற்றெழுத்துகள் இடையில் கழன்று விழுந்ததாயும், ஐந்தாம் பக்கத்தில் விழுந்த ப் ஒன்பதாம் பக்கத்தில் போய்க் கிடந்ததாயும் சிமியோன் பின்னர் சொன்னார். பண்டிதர் இதையெல்லாம் அறியார். அவர் தம் அபிப்பிராயத்தை அழகான கையெழுத்தில் எழுதித் தபாலில் சேர்த்தார்: “இந்நூலில் நாற்பத்திரண்டு இடங்களில் ஒற்று மறைந்துள்ளது. பதினேழு இடங்களில் வேண்டாத ஒற்று புகுந்துள்ளது. துறைமுகம் பற்றிய அதிகாரத்தில் மட்டும் ஒன்பது. க், ச், த், ப் ஆகிய நான்குமே இதற்குப் பொறுப்பு. இவற்றை உடனே ஒழுங்குசெய்யாவிடின் பெருங்கேடு விளையும்.”

யுத்த காலமாகையால் கடிதங்களை உடைத்துப் பார்ப்பதற்குப் பட்டினத்தில் ஒரு வாடகை வீட்டில் கந்தோர் ஒன்று திறந்திருந்தார்கள். அங்கே தமிழ்க் கடிதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கனிசியஸ். கதைப்பதும் வாசிப்பதும் தமிழ்தான் என்றாலும் படித்ததெல்லாம் இங்கிலிஷ். இலக்கணப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். ஒற்று என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினார். உளவு என்றும் உளவாளி என்றும் முதலில் இருந்தது. அதற்குக் கீழே புள்ளியெழுத்து என்று இருந்ததை வாசிக்க அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்குப் பண்டிதரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

விசாரணை நெடுநேரம் நடந்தது. பண்டிதர் எதையும் ஒளிக்கவில்லை. அதனால்தான் விஷயம் முற்றியது. அந்த நால்வரும் தமக்குச் சிறுவயது முதலே பழக்கம் என்றார். அவர்கள் வல்லினம் என்றார். கனிசியஸ் அதை ஓர் இயக்கத்தின் பெயராகக் குறித்துக்கொண்டார்.

“உவை நாலுபேரும் எங்கை பிறந்தவை?” என்று கேட்டார் கனிசியஸ்.

“க் அடிநாக்கிலை பிறக்கும். ப் உதட்டிலை,” என்றார் பண்டிதர்.

அடிநாக்கு என்ற ஊரைக் கனிசியஸ் தேசப்படத்தில் தேடிக் களைத்துப்போனார். புதன்கிழமை மெயில் வண்டியில் பண்டிதரைக் கொழும்புக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. அப்படிப் போகிறவர் யுத்தம் முடிந்துதான் வரலாம், அதுவும் நிச்சயமில்லை.

செய்தி மீனாம்பிகைக்கு வந்தபோது அவள் குந்தி இருந்து அழவில்லை. பண்டிதர் தாம் எழுதும் எதற்கும் ஒரு பிரதி வைத்திருப்பவர். ஐம்பத்தொன்பது இடங்களின் பட்டியலும் மேசை லாச்சியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் அவள் தன்னிடமிருந்த நாவலை மடியில் வைத்துக்கொண்டு, மறைந்திருந்த நாற்பத்திரண்டையும் கறுப்பு மையால் ஏற்றினாள், புகுந்திருந்த பதினேழையும் வெட்டினாள். புதன் காலை கணவரின் குடையையும் எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனாள்.

“ஐயா, உந்தப் புத்தகம் எழுதினது நான். அவருக்கு ஒண்டும் தெரியாது,” என்றாள்.

மூலை வாங்கில் இருத்தப்பட்டிருந்த பண்டிதர் தலைநிமிர்ந்தார். பத்தொன்பது வருடம் பார்த்த முகத்தை, அகராதியில் இல்லாத சொல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கனிசியஸ் அந்த ஐம்பத்தொன்பது பேரும் எங்கே என்று மட்டும் கேட்டார்.

“வெளியிலை நிக்க வேண்டியவையை வெளியிலை விட்டிட்டன். மற்றவையை அவையவையின்ரை இடத்திலை இருத்தியாச்சு. வேணுமெண்டால் அவரையே பாக்கச் சொல்லுங்கோ,” என்று புத்தகத்தை நீட்டினாள்.

பண்டிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதற் பக்கத்தைத் திறந்தார். முதற் பக்கத்தில் நிற்க இடமில்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் கப்பலைக் கண்டதும் அவர் எழுந்து வாசலால் இறங்கினார். கைதியைப் பிடிக்க ஓடிய கனிசியஸ் தோளுக்கு மேலால் அரைப் பக்கத்தைக் கண்டுவிட்டார். அவருடைய கால்களும் சேர்ந்துகொண்டன. அதிகாரிதான் ஏதோ அலுவலாகக் கூட்டிப்போகிறார் என்று காவற்காரன் சலாம் வைத்தான். இருவரும் கோண்டாவிலையும் இணுவிலையும் கடந்தார்கள். மருதனார்மடச் சந்தியில் பண்டிதரிடம் படித்தவர்கள் எழும்பி நின்று கும்பிட்டார்கள்; அவர் அவர்களையும் காணவில்லை, தம் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையையும் காணவில்லை. மல்லாகத்தில் ஒரு மதகை ஒரே எட்டில் தாண்டினார். மீனாம்பிகை இளைக்க இளைக்கப் பின்னால் வந்தாள். அவள் தெருவைப் பார்க்கவில்லை, அந்தப் பாதங்களையே பார்த்தாள். அவளுக்குக் கால் நொந்தது, விலா வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

மயிலிட்டிக் கடற்கரையில் நாவல் முடிந்தது. கனிசியஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தந்திக் கந்தோர்ப் பிள்ளை இப்படிச் செய்வாள் என்று தாம் கனவிலும் நினைக்கவில்லை என்றார். அங்கேயே தோணி விளிம்பில் குறிப்புப் புத்தகத்தை வைத்து, மேற்படி நூலில் இருப்பது ஒரேயோர் ஒற்றன், அவனும் முப்பதாம் அதிகாரத்தில் கடலில் மூழ்கிவிட்டான், மேல் நடவடிக்கை வேண்டியதில்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். பிறகு, சான்றுப் பொருள் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு, முதற் பக்கத்தைத் திறந்து, தெற்கு நோக்கி நடந்துபோனார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கந்தோரில் இருந்தாராம்.

பண்டிதர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சேரும்,” என்றார் மீனாம்பிகையிடம். “நான் ஒற்றுப் பாக்க மறந்துபோனன்.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “எல்லாம் சரியாத்தான் போட்டனான்.”

“இருக்கும். எனக்குத் தெரியாது,” என்றார் பண்டிதர்.

வெயில் ஏறிவிட்டது. அவர் குடையை வாங்கி அவளுக்குப் பிடித்தார். வீடு ஏழு கட்டை. போய்ச்சேரப் பின்னேரமாகிவிட்டது, வழியில் வாசிக்க அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.