ஒரு பக்க மனு

சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்கத் தானே எழுதிய மனுவில் அச்சகத்துப் பிழைதிருத்துநர் எந்த வரியை அடித்தாரோ, அந்த வரியில் இருந்தது அவர் வீட்டிலிருந்தும் போய்விட்டது. முதலில் போனது செருப்பு. அவருடைய எட்டு வயது மகள் செருப்பை எப்போதும் கால் மாற்றித்தான் போடுவாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே சிக்னல் இல்லாத சாலையில் லாரி மோதி அவள் இறந்து ஓராண்டாகியும் அந்தச் செருப்பு கதவோரம் இருந்தது. அவளுக்குப் பிறகு அதே இடத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் அடிபட்டன. அங்கே ஒரு சிக்னல் வேண்டும் என்று கேட்கத்தான் புருஷனும் பெண்டாட்டியும் பதினோரு மாதம் நடையாய் நடந்து நேரம் வாங்கினார்கள். உறுப்பினரின் உதவியாளர் போனில் சொன்னார்: "ஒரே பக்கமா கொண்டு வாங்க சார். மூணு நிமிஷம்தான். நீட்டி முழக்கினா அம்மா படிக்க மாட்டாங்க." இவர் எழுதி வைத்திருந்தது பதினான்கு பக்கம். பெற்ற பிள்ளையை ஒரு பக்கத்தில் எழுத எவனால் முடியும்?

ஆனாலும் தொழில் அது. சிவப்பு மையில் அடித்தார். செருப்புக்குப் பிறகு கதவுக்குப் பின்னால் அவள் உயரம் குறித்திருந்த பென்சில் கோடுகள் போயின. சுவர் நேற்று வெள்ளையடித்த மாதிரி இருந்தது. குளிக்கும்போது ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள் என்ற வரியை அடித்த அன்று, ஓராண்டாகக் குளியலறையில் தங்கியிருந்த அந்த முணுமுணுப்பும் நின்றது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அடித்த வரிகளின் கீழே அவசர அவசரமாகப் புள்ளி வைத்தார். அடித்ததை எடுக்க வேண்டாம், பழையபடியே இருக்கட்டும் என்று பிழைதிருத்தத்தில் அதற்கு அர்த்தம். அச்சகத்தில் அதற்கு மறுபேச்சே கிடையாது. வீடு கேட்கவில்லை.

"மனுவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று பேனாவை மூடிவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிதான் அதைத் திறந்து கையில் கொடுத்தாள். "அந்த ரோட்டை இன்னைக்கும் நானூறு பிள்ளைங்க தாண்டுதுங்க. அடிங்க." சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். அதன்பின் தினமும் வேலை முடிந்து வந்து, எதை விடலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். "காதுக்குக் கீழ இருக்கிற மச்சம் மட்டும் இருக்கட்டுங்க" என்று அவள் கெஞ்சியதில் அது ஒன்பது நாள் தப்பியது. பத்தாம் நாள் அதையும் அடித்தார்; எந்தக் காது என்பது அன்றிரவே இருவருக்கும் மறந்துபோனது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் எம்.எல்.ஏ.வாக நடித்து, கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி ஒத்திகை பார்த்தார். இரண்டாவது நிமிடத்திலேயே தூங்கிப்போனார். எழுப்பினால், அசல் மாதிரி இருக்கட்டும் என்றுதான் தூங்கினேன் என்றார். அன்றைக்கு மூவரும் சிரித்தார்கள்.

உறுப்பினரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் உதவியாளர் மறுபடி கூப்பிட்டார். ஒரு நிமிடம்தானாம். அந்த ஒரு பக்க மனுவில் அப்போது சாலையின் அகலம், விபத்து நடந்த தேதிகள், கோரிக்கை, அடிபட்ட மற்ற இரண்டு பிள்ளைகளின் பெயர்கள், மகளின் பெயர் ஆகியவைதான் மிச்சம். அடுத்தவர் பிள்ளையை அடிக்க இவர்களுக்கு ஏது உரிமை? அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அடித்தார்.

உறுப்பினர் மனுவை ஒரு வரி விடாமல் படித்தார். இவ்வளவு சுருக்கமாக, தெளிவாக யாருமே எழுதிக் கொடுத்ததில்லை என்றார். அங்கேயே கையெழுத்துப் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்து வந்தவர்களைக் காத்திருக்கச் சொன்னார். "உங்க பொண்ணைப் பத்திச் சொல்லுங்கம்மா. நேரம் இருக்கு. பாப்பா பேரு என்ன?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வாயைத் திறந்தாள். உறுப்பினர் கால் மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தார்; நல்ல மனுஷிதான். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பி வைத்தார்.

நாலாம் மாதம் சிக்னல் வந்தது. அதன்பின் அங்கே ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழவில்லை. அவர்கள் இருவரும் தினமும் காலையில் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். பச்சை விழுந்ததும், நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடம் விட்டு, உள்பக்கத்துக் கையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தபடி கடக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. எதிரே வருகிறவர்கள் அந்த இடைவெளிக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகிறார்கள்.