இடது ஓரத்தில் குற்றாலலிங்கம்

1

இந்தக் கதை எனக்கு அரை யானையாகக் கிடைத்தது. மறைக்க ஒன்றுமில்லை. திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில், 1985-இல் ஒரு ஞாயிறு மதியம், கயிற்றுக்கடைக்காரர் வீட்டில் வாடகை டெக் வைத்து ஒரு பழைய ஹாலிவுட் சர்க்கஸ் படம் போட்டார்கள். வெளிச்சம் வராமலிருக்கச் சன்னலில் சாக்கு கட்டியிருந்தது. சாக்கில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு இந்தப் பக்கம் நான். டி.வி.யில் ஒரு யானை வந்தது. தலை, தும்பிக்கை, முன்னங்கால்கள் எல்லாம் சரியாக இருந்தன. பின்பாதி இல்லை.

அந்தப் பின்பாதியைத் தேடித்தான் எழுதுகிறேன். முதலில் இப்படித் தொடங்கினேன்: "கூடாரத்தின் உச்சியில் ஒரு பெண் காற்றில் மிதந்தாள், கீழே கயிற்றைப் பிடித்தபடி"

பிடித்தபடி யார் என்பதுதான் வழக்கே. அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள்? இன்னொரு தொடக்கம் வானத்தை வர்ணித்தது. அதை அடித்த காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

2

குற்றாலலிங்கத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கயிற்றுக்கடை அவருடையது. இளவயதில் மலபார் பக்கத்து சர்க்கஸ் கம்பெனி ஒன்றில் கயிறு கட்டும் வேலை பார்த்தார். அதுவரை ஊருக்கே தெரியும். கமலம் என்ற யானையோடு கப்பலேறி ஐரோப்பா போனதும், அங்கே வந்த ஹாலிவுட்காரர்களின் படத்தில் நடித்ததும் அவர் சொல்லித்தான் தெரியும்.*

(* கமலத்தின் படம் பாஸ்போர்ட்டில் அடங்கவில்லையாம். தலையை முதல் பக்கத்திலும் வாலை விசா குத்தும் பக்கத்திலும் ஒட்டினார்களாம். இதை நான் நம்புகிறேன். அரசாங்க அலுவலகங்களை எனக்குத் தெரியும்.)

அதை அவர் முதன்முதலில் சொன்னது 1957-இல், நாகர்கோவிலில், பெண் பார்க்கப் போன வீட்டில்.

"பறக்குத பொம்பள கை நழுவி வலையில விழுதா. கமலம் மிரண்டு வலைப் பக்கமா ஓடப் பாக்கு. நான் இடது ஓரத்துல நின்னேன். கயித்த ஒரே இழுப்பு. யானை நின்னுட்டு. இல்லேன்னா அவ சட்னி."

சிவகாமிக்கு அன்று இரண்டு வரன்கள். மற்றவர் செக்ரடேரியட் கிளார்க். கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த சிவகாமி, யானையை நிறுத்தியவரே போதும் என்று சொல்லிவிட்டாள். கிளார்க் பிற்காலத்தில் பெரிய பதவிக்குப் போனார். அரசாங்க ஜீப்பில் வந்து சாலைக் கடைவீதியில் கத்தரிக்காய் வாங்கினார். சிவகாமியம்மாள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அந்தப் படம் ஊருக்கு வரவே இல்லை. அது குற்றாலலிங்கத்துக்கு ஒரு வகையில் வசதியாக [இந்த வாக்கியம் வேண்டாம். ஆளை இப்போதே சந்தேகிக்க வேண்டியதில்லை.]

3

பழவங்காடியில் வீடியோ கடை வைத்திருந்த வன்னியபெருமாள், துபாயிலிருந்து வந்த பெட்டி ஒன்றில் அந்தப் படத்தின் காசெட்டைக் கண்டுபிடித்தார். சிவகாமியம்மாள் தெருவையே அழைத்தாள். கிளார்க்கின் தங்கை பொன்னம்மையை மட்டும் இரண்டு தடவை அழைத்தாள்.

இருபத்தெட்டு வருடம் சொன்னதில் நடந்தது எது, சொன்னது எது என்று குற்றாலலிங்கத்துக்கே பிரிக்க வரவில்லை. கமலத்தின் வாடை நினைவிருந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது நினைவிருந்தது. கேமரா நினைவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: இன்று படத்தில் அவர் இல்லையென்றால், சிவகாமி ஒரு பொய்க்குக் கழுத்தை நீட்டியவள் ஆகிவிடுவாள், அதுவும் பொன்னம்மை முன்னால்.

டி.வி.யில் பெண் விழுந்தாள். யானை வந்தது. அரை யானை. அதன் கழுத்திலிருந்து ஒரு கயிறு இடது பக்கமாகப் போய்ப் படத்தை விட்டே வெளியேறியது.

"எங்கயாக்கும் அண்ணாச்சி?" என்றாள் பொன்னம்மை. "யானைக்க வயித்துக்குள்ளயா?"

"தியேட்டர் திரை நீட்டமாட்டு இருக்கும், டி.வி. பெட்டி சதுரம்லா?" என்றார் வன்னியபெருமாள், டெக்கின் மானத்தைக் காக்கிறவர் போல. "ரெண்டு பக்கமும் வெட்டிட்டுத்தான் காசெட்ல ஏத்துவான்."

"வெள்ளக்காரன் நம்ம அண்ணாச்சிய மட்டும் பாத்து வெட்டியிருக்கான், அல்லே?"

வீடு சிரித்தது. காசெட்டைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி போட்டார்கள். அந்தப் பெண் ஏழு முறை விழுந்தாள். ஏழு முறையும் தொய்ந்து கிடந்த கயிறு சட்டென்று விறைத்தது, யானை நின்றது. எட்டாவது முறை சிவகாமியம்மாள் எழுந்து டி.வி.க்கு முன்னால் போனாள்.

"நிறுத்துங்கோ."

படம் கோடு கோடாக நடுங்கி நின்றது. யானையின் கழுத்தில் விரல் வைத்தாள்.

"இந்த முடிச்சப் பாருங்கோ. நம்ம கடைக் கட்டுல போடுகதாக்கும்."

"ஏன், வெள்ளக்காரனுக்கு முடிச்சுப் போடத் தெரியாதோ?"

"தெரியும், பொன்னம்மை. ஆனா நுனிய ரெண்டு மட்டம் மடக்கிச் சொருவ மாட்டான். நான் இந்த முடிச்ச அவுத்து அவுத்து நகம் போனவ."

அப்போது குற்றாலலிங்கத்தின் முகம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். சாக்கின் ஓட்டை சிறியது. அவர் அறையின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மனதுக்குள் புகுந்து பார்க்க முடிந்தவனுக்கு முகம் தெரியவில்லை. எழுதுகிறவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு.

4

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பிரதியில் முடிச்சு இல்லை. சிவகாமியம்மாள் டி.வி. முன்னால் போய் நின்றாள், பொன்னம்மை சிரித்துக்கொண்டிருந்தாள், நான் பேனாவை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே நின்றாள், வெறுங்கையோடு. மூன்றாவது பிரதியில் முடிச்சைப் போட்டேன். அல்லது அது அங்கேதான் இருந்தது, எனக்கு ஓட்டை வழியாகத் தெரியவில்லை. இரண்டில் எது என்று சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள். குற்றாலலிங்கத்தைவிட நான் அதிக காலம் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

முடிவுகளும் சில எழுதினேன்.

முழு அகலப் படம் அமெரிக்காவிலிருந்து தபாலில் வருகிறது. இடது ஓரத்தில் அவர், மீசையோடு. இது கிழிக்கப்பட்டது. அந்தத் தபால்காரரை நானே நம்பவில்லை.

"சிவகாமி, நான் கூடாரத்துக்கு வெளிய சாணி அள்ளிக்கிட்டிருந்தேன்" என்று அழுகிறார். இது நன்றாகவே வந்தது. அதனால்தான் சந்தேகப்பட்டு அடித்தேன்.

மிச்சம் இருப்பது திங்கட்கிழமை.

5

காசெட் காலையிலேயே திரும்பிப் போய்விட்டது. துணி காயப்போடப் புதுக் கொடி கட்ட வேண்டியிருந்தது. சிவகாமியம்மாள் ஒரு நுனியை அடுக்களைச் சன்னல் கம்பியில் கட்டினாள். மறு நுனியை எடுத்துக்கொண்டு குற்றாலலிங்கம் சுவர் மூலை திரும்பி, கிணற்றடிப் பக்கம் போனார்.

அடுக்களைக்குள் அவள் நின்ற இடத்திலிருந்து சன்னலின் இடது ஓரம் வரை கயிறு தெரிந்தது. அதற்கப்பால் சுவர். கயிறு தொய்ந்து கிடந்தது. நேற்று கேட்க நினைத்த கேள்வி அவள் வாய்வரை வந்தது. "நீங்க நெசமாட்டு அங்க"

பாதியில் நிறுத்திக்கொண்டாள். கயிறு மெல்ல எழும்பி, விறைத்தது. கம்பி லேசாக முனகியது.

"இருக்கேளா அங்க?" என்றாள்.

அவர் சொன்னது

[பதிலைக் கையெழுத்துப் பிரதியின் இடது ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அச்சகத்தில் தாளின் ஓரத்தை வெட்டித்தான் தைப்பார்களாம். உங்கள் கைக்கு வந்த தாளில் கயிறு மட்டும் மிச்சமிருந்தால், இழுத்துப் பாருங்கள்.]