ஃபைலுக்குள் இருந்தவள்

“என் ஃபைலை எனக்குக் காட்டுங்க சார்.”

கேட்டேவிட்டாள். வேறு எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா காலையில் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான்கு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாயில் ஒட்டிய பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்கிறவள். அவளையே, சான்றிதழில் உள்ள ஆள் நீ இல்லை என்று போன வாரம் ஒற்றைத் தாளில் நீக்கிவிட்டார்கள்.

பணியாளர் பிரிவு அதிகாரியின் மேஜையில் ராஜினாமாக் கடிதம் தயாராகக் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் நீக்கிய உத்தரவைக் கிழித்துவிடுவதாகவும் போலீஸ்வரை போகாது என்றும் பெற்ற மகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பேனா மூடியைக்கூட அவரே கழற்றி வைத்திருந்தார்.

“ஃபைல், சார்.”

“பார்த்துட்டா அப்புறம் பார்க்கலைன்னு சொல்ல முடியாதும்மா.”

பிரித்துத் தள்ளினார். மேலே அவளுடைய பட்டம். அதற்கடியில் ஓர் இறப்புப் பதிவு. அவள் பெயர். அவள் அப்பா, அம்மா பெயர். பள்ளிச் சான்றிதழில் உள்ள அதே பிறந்த தேதி. வயது இரண்டு.

தெரிந்த கதைதான், தாளில் பார்த்ததில்லை. அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மறுவருடம் இவள் பிறந்தாள். அக்கா பெயரையே வைத்தார்கள். இவள் பிறப்பை யாரும் பதியவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது, எழுத்தறியாத அப்பா பெட்டியில் கிடந்த ஒரே பிறப்புச் சீட்டை நீட்டினார். பெயர் ஒன்றுதானே என்று நினைத்தார்.

“இதுல இருக்கறவ செத்துட்டா. அப்ப நீ யாரு?”

“பரீட்சை எழுதினவ. செத்தவ வந்து எழுதிக் கொடுக்கலை.”

“கோர்ட்டுல சொல்லு. உங்கப்பா பொய்ச் சீட்டு கொடுத்தாருன்னும் சேர்த்துச் சொல்லணும். பட்டமும் போகும், அவரும் கம்பி எண்ணுவாரு.”

இரண்டும் நடக்கலாம். பயமே அதுதான். ஆனால் கையெழுத்துப் போட்டால், அடுத்து எந்த வேலைக்குப் போனாலும் இந்தத் தாள் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். படித்தது நான்தான் என்று சாகும்வரை வாய்திறக்க முடியாது.

செல்போனை எடுத்தாள். இறப்புப் பதிவைப் படமெடுத்தாள். மேலிருந்த பட்டத்தையும் எடுத்தாள்.

“எதுக்கு அது?” அவர் பாதி எழுந்துவிட்டார்.

“தொழிலாளர் கோர்ட்டுல கேப்பாங்க சார்.”

ராஜினாமாக் கடிதத்தைத் தொடவே இல்லை. வெளியே வந்து படியிறங்கினாள். முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டும், அப்புறம் வக்கீலிடம். அப்பாவிடம் அனுமதி கேட்கப்போவதில்லை, சொல்லத்தான் போகிறாள். அடுத்த படியில் காலை வைத்தாள்.