பாதி இறங்கிய பாட்டு

"உன் பிரெஞ்சுக்காரன் இன்னும் இறங்கலையா?" அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டே கேட்டார் கணவர் பாஷ்யம்.

"பாதி வந்திருக்கான். நீங்க கோஷ்டி முடிச்சு வரதுக்குள்ள பாடிடுவான்," என்றாள் பூமா.

அவர் சிரித்துக்கொண்டே வரதர் கோயிலுக்குப் பிரபந்தம் சேவிக்கப் போனார். பள்ளியில் பிரெஞ்சு கற்பிக்கும் பூமா அந்தப் பிரெஞ்சுப் பாட்டை ஒரு மாதமாக இணையத்தில் தேடியிருந்தாள். 2001-இல் ஒரு பாட்டு இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். இணையம் ஃபோன் லைன் வழியாகத்தான் வரும் என்பதால், அதுவரை வீட்டு ஃபோனுக்கு யாரும் பேச முடியாது.

கோஷ்டியில் பாஷ்யம் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த தம்பி ஸுதர்சன், டெலிஃபோன் பூத்திலிருந்து ஆறு தடவை அழைத்துப் பார்த்துவிட்டு சைக்கிளில் வந்தான். வாசலில் அவன் கத்தியதைக் கேட்டதும், என்ன ஏது என்று விசாரிக்கும் முன்பே அவள் கணினியின் ஒயரைப் பிடுங்கினாள்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்திருந்தது.

"உங்களைத்தான் கேட்டுண்டே இருந்தார், மன்னி. ஃபோனுக்கு என்ன?"

"காலைலேர்ந்தே ரிப்பேர்," என்றாள்.

ஸுதர்சன் அதை நம்பிப் புகார் கொடுத்தான். காரியங்கள் முடிந்த மறுநாள் லைன்மேன் ராமலிங்கம் வந்தார். ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார். ஃபோன் பெட்டியிலிருந்து கணினி வரை போய்த் தரையில் கிடந்த ஒயரையும் பார்த்தார். பூமா தலை குனிந்தாள்.

"மழைத் தண்ணி இறங்கியிருக்கும்பா. இப்ப நல்லாத்தான் இருக்குது," என்று ஸுதர்சனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதம் காஞ்சியில் மழையே இல்லை. ஸுதர்சன் தரையில் கிடந்த ஒயரைச் சுருட்டி வைத்தான்.

கணினியில் அந்தப் பாட்டு இன்றும் அறுபத்திரண்டு சதவீதத்தில் நிற்கிறது.